குடைக்காரிக்கு எதிரே சட்டி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஹாரூன் இன்றைக்கும் ஆட்டம் பழக வரவில்லை. போன ஞாயிறும் இல்லை. கேட்டால் வேலை என்கிறான். பைக் சீட் தைக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

இந்த டைரி வாளிக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் சும்மா தருவது. வெறுமனே கிடக்கிற சரக்கைப் பார்த்தால் எனக்கு ஆகாது, அதனால் எழுதுகிறேன். என் பிளாஸ்டிக் கடைக்கு மேல்மாடியில் வீடியோ கேம் ஹால் வந்ததும் அப்படித்தான். வாடகைக்கு எடுத்தவன் மிஷின்களைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். நானே நடத்தினேன். ஜனம் எதற்கு இப்படி விழுந்து கிடக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். நானும் விழுந்தேன்.

ஆட்டத்தின் பேர் ‘இரும்பு வளையம்’. ஆளுக்கு ஒருவரைத் திரையில் தேர்ந்தெடுத்து அடித்துக்கொள்ளும் சண்டை. அதில் வருகிறவர்களின் நிஜப் பேரெல்லாம் வாயில் நுழையாது. திருநெல்வேலியில் நாங்களாக வைத்த பேர்கள்தான் புழக்கம். நான் எடுப்பது கம்பம். நெட்டையாக நிற்பான், தூரத்திலிருந்தே மின்னல் வீசுவான். எதிராளி கிட்டே வந்தால் ஓடுவேன். நேரம் முடியும்போது திரையில் யாருக்கு ரத்தம் கூடுதலாக மிச்சமோ அவனுக்கு வெற்றி. சட்டத்தில் இருக்கிறது. “இதெல்லாம் ஒரு ஆட்டமா அண்ணாச்சி?” என்று கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது நீல வாளி. விற்பது சிவப்பு வாளி. கடை நிறைய சிவப்புதான் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆள் எடுப்பதும் அதே கணக்குதான்.

ஹாரூன் வேறு ரகம். அவன் எடுப்பது குடைக்காரி. தரவரிசையில் கடைசி. குடையை விரிக்கும்போது நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றுவாள், பாவாடை விசிறும். அந்த அழகுக்காகவே எடுக்கிறானாம். அவள் சுற்றும் அந்தக் கணத்தில் நான் ஒரு மின்னலை விட்டுவிடுவேன். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வராதே என்றால் எப்படி?

இருபத்திநாலாம் தேதி மாவட்டப் போட்டி, என் ஹாலிலேயே. ஜெயிக்கிற ஒருவனுக்குத்தான் சென்னைப் போட்டியில் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஹாரூன் வந்தான். இடது பெருவிரலில் பிளாஸ்திரி.

“என்னல விரல்ல?”

“தையல் அண்ணாச்சி. ஊசி வழுக்கிட்டு.”

“இடது கையிலயா?”

“உங்களுக்குத் தையலப் பத்தி என்ன தெரியும்?” என்று சிரித்தான்.

தையலைப் பற்றித் தெரியாது. பெருவிரலைப் பற்றித் தெரியும். குடைக்காரியை ஆட விரல் தேயாது. பொத்தானை அழுத்திப் பிடித்திருந்து விட்டால் போதும். கம்பத்துக்கும் அப்படியே. இடது பெருவிரலை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டிய ஆள் ஒன்றே ஒன்று: தவளை. தவளையைப் புதிதாகப் பழகுகிறவனுக்கு முதல் மாதம் தோல் உரியும்.

தவளை மின்னலுக்கு மேலே தாவும். கம்பத்தைத் தின்றுவிடும். போன வருஷம் சென்னையில் முதல் சுற்றிலேயே என்னை ஊருக்கு அனுப்பியது ஒரு தவளைதான். பல்லுக்குக் கிளிப் போட்ட ஒரு பெண் ஆடினாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாப்பிடும்போது பெருவிரல் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரி பாக்கியத்தாய் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“உங்களுக்கு ஆபரேசன் ஆனப்ப ஆஸ்பத்திரில வந்து கிடந்தது யாரு? உங்க தம்பியா? அவன்தான?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“அது ஆஸ்பத்திரி. இது போட்டி.”

“நல்லா வருது வாயில,” என்று எழுந்து போனாள்.

பெண்களுக்கு வியாபாரம் புரியாது என்று எழுத நினைத்தேன். கடையின் பாதி கொள்முதல் அவள்தான் பார்க்கிறாள். அதனால் எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஸ்கூட்டரில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு மேலப்பாளையம் போனேன். ஹாரூன் வீட்டுக்குக் குடம் தருவதாக எப்போதோ சொல்லியிருந்தேன். இன்றைக்கு ஞாபகம் வந்தது.

அவன் மனைவி ஜுலைகா கதவைப் பாதி திறந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. அவங்க இல்லியே. கடைக்குப் போயிருக்காங்க.”

“ஞாயித்துக்கிழமையா?”

“அவசர வேலையாம்.” சொல்லும்போது மாடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

அப்போதே கேட்டது. மேல் ஜன்னலிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே கொர்ர் என்று ஒரு கத்தல். தவளை தாவி இறங்குகிற சத்தம். மறுபடி தொப், கொர்ர். எனக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

“காப்பி போடட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். குடங்களை வாசலில் வைத்துவிட்டுத் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றேன். சத்தம் நிற்கவே இல்லை. தேறியிருக்கிறான்.

ஆக விஷயம் இதுதான். குடைக்காரியை வைத்து நாலு ஆட்டத்தில் மூன்று என்னிடம் தோற்கிறான். ஃபைனலில் எப்படியும் நாங்கள் இருவரும்தான் மோதுவோம், ஊரில் வேறு ஆள் இல்லை. அன்றைக்கு என்னைத் தவளையால் அடித்துவிட்டுச் சென்னைக்குப் போகப் பார்க்கிறான். குற்றம் சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தவளைக்கு மருந்து உண்டு. சட்டி. தலையில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வருகிற சமையல்காரன். தவளை மேலே வந்து விழுந்தால் அதற்குத்தான் அடி. சட்டிக்கு ஆகாதவள் ஊரில் யாரும் எடுக்காத ஒருத்திதான், குடைக்காரி. அவள் குடைமுனையால் சட்டிக்குக் கீழே குத்துவாள். அதைப் பற்றி இப்போது கவலை இல்லை.

காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு சட்டியைப் பழக ஆரம்பித்தேன். கடை ஆட்களிடம் மாடியில் எலி தேடுவதாகச் சொல்லியிருக்கிறேன். நான் மறைப்பது தற்காப்புக்கு. அவன் மறைப்பது அப்படி இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பஜாரில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். சட்டி கைக்குப் படிந்து வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹாரூன் தானாக வந்தான். விரலில் பிளாஸ்திரி இல்லை. தோல் காய்ப்பேறிவிட்டது. குடைக்காரியை எடுத்தான், கம்பத்தை எடுத்தேன். வழக்கம்போல் முடிந்தது. போகும்போது கேட்டான்.

“சென்னைல அந்தத் தவளைப் பிள்ள மறுபடி வந்தா என்ன செய்விய அண்ணாச்சி?”

ஆழம் பார்க்கிறான்.

“ஏன் கேக்க?”

“சும்மாத்தான்.”

“எனக்குத் தவளைய எதுத்து ஒண்ணும் தெரியாதுல,” என்றேன். நன்றாகவே பொய் சொன்னேன்.

“பாத்துக்கிடலாம்,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு கடையில் முதல் தரம் கடன் கேட்க வருகிறவன் சிரிப்பு மாதிரி இருந்தது. உள்ளே எதையோ வைத்துக்கொண்டு சிரிப்பது.

ஆகஸ்ட் 20, புதன்

நடுவர் எபனேசர் ஹாலைப் பார்வையிட வந்தார். பேங்கில் வேலை, கறாரான மனிதர். விதிகளை மறுபடி சொன்னார். மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் போதும். முதல் ஆட்டத்துக்கு யாரை எடுக்கிறோம் என்பதை இருவரும் அவர் காதில் தனித்தனியாகச் சொல்லவேண்டும். மற்றவன் யாரை எடுக்கிறான் என்று தெரிந்துகொண்டு எடுக்கக் கூடாது என்பதற்காக. அப்புறம் ஜெயித்தவன் அதே ஆளோடு இருக்கவேண்டும். தோற்றவன் வேண்டுமானால் ஆளை மாற்றலாம்.

அவர் உட்காருகிற இடத்துக்கு மேலே புதிதாக ஃபேன் மாட்டியிருந்தேன். பழைய ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது உண்மை.

“காதுல சொல்றத வெளிய விட்டுற மாட்டியளே சார்?” என்றேன் பேச்சுவாக்கில்.

அவர் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, நாற்காலிய அந்தப் பக்கம் போட்டுக்கிடுதேன். எனக்குக் காத்து ஒத்துக்காது,” என்றார்.

நல்லது. அப்படியானால் ஹாரூனிடமும் சொல்லமாட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஜெயித்தேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மதியத்துக்குள் மற்றவர்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டார்கள். ஃபைனலில் நானும் ஹாரூனும். ஹாலில் நிற்க இடமில்லை. எபனேசர் முதலில் என்னைக் கூப்பிட்டார். குனிந்து சட்டி என்றேன். அவர் புருவம் ஒரு தரம் ஏறி இறங்கியது. அடுத்து ஹாரூன் போய்ச் சொன்னான். அவர் புருவம் அசையவில்லை. தவளை என்று சொல்லியிருந்தால் மறுபடி ஏறியிருக்கவேண்டுமே என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

திரை விரிந்தது. இந்தப் பக்கம் சட்டி. அந்தப் பக்கம் குடைக்காரி.

தவளை இல்லை. அதே பழைய குடைக்காரி.

ஹாலில் சிரிப்பு. “அண்ணாச்சி சமைக்க வந்துட்டாவ!” என்று எவனோ கத்தினான். ஹாரூன் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். எதற்கு அப்படிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. முதல் ஆட்டம் போயிற்று. குடைமுனையால் குத்திக் குத்தியே முடித்துவிட்டான்.

இரண்டாவதுக்குக் கம்பத்தை எடுத்தேன். ஜெயித்தேன்.

இப்போது தோற்றவன் அவன், ஆளை மாற்றும் உரிமை அவனுக்கு. பதுக்கிவைத்த தவளையை இப்போதுதான் எடுப்பான் என்று காத்திருந்தேன். எடுத்தான். அதாவது, திரையில் ஆளைத் தேர்கிற கட்டத்தை நகர்த்தித் தவளை மேல் கொண்டுபோய் நிறுத்தினான். “தவளையா!” என்று கூட்டம் எழும்பியது. நிறுத்தியபடியே மறுபடி என்னைப் பார்த்தான். பொத்தானை அழுத்தவில்லை. எபனேசர் நேரமாகிறது என்றார். ஹாரூன் கட்டத்தைத் திருப்பிக் குடைக்காரி மேல் வைத்து அழுத்தினான்.

மூன்றாவது ஆட்டம் கடைசி வரைக்கும் போயிற்று. அவளுக்குக் கொஞ்சம் ரத்தம் கூட, எனக்குக் குறைவு, நேரமோ முடியப்போகிறது. அவள் குடையை விரித்தாள், சுற்றினாள். மின்னலை விட்டேன். பாவாடை விசிறியபடியே விழுந்தாள். மணி அடித்தது.

எபனேசர் மட்டும் கை தட்டினார், அது அவர் வேலை. ஹாரூன் கை கொடுத்தான். விரல் காய்ப்பு கையில் உரசியது. படி இறங்கிப் போனான்.

சென்னை இடம் எனக்கு. இதுதானே கேட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஹாரூன் போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

எடுக்கவில்லை. தோற்ற கோபம். சரியாகிவிடும். சென்னைக்கு முன்னால் எனக்குப் பழக ஆள் வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறேன். வேறு ஒன்றுமில்லை. மற்ற எவனும் என்னோடு உட்கார வரமாட்டேன் என்கிறான். கம்பத்தோடு ஆடினால் பொழுது போகாதாம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கையில் தவளை இருந்தது. என்னை அடிக்கவேண்டிய நேரம் இருந்தது. ஏன் அழுத்தவில்லை? இதில் எனக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு விட்டுக்கொடுத்து என்னிடம் எதையோ கேட்கப் போகிறானோ?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்றைக்கு அவன் கடை திறந்திருந்தது. நேரே போய் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஒரு சீட்டில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

“பழக ஆள் வேணும்ல. வா. சும்மா வேண்டாம், கூலி தாரேன்.”

“கூலியா?” என்று குறடைக் கீழே வைத்தான். “எவ்வளவு தருவிய? சொல்லுங்க, கேப்போம்.”

ஸ்கூட்டர் சாவியை உருவிக்கொண்டேன்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மொத ஆட்டத்துல சட்டிய எடுத்தியளே, யாருக்காக எடுத்திய?”

“ஜெயிக்கத்தான்.”

“குடைக்காரிக்கு எதிர எந்தக் கிறுக்கனாவது சட்டிய எடுப்பானா? சட்டி தவளைக்குல்லா. நான் தவளையோட வருவேன்னு நெனச்சிருக்கிய. திரையில சட்டியப் பாத்த ஒடனே எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. குடத்த வாசல்ல வச்சிட்டு மேல சத்தத்தக் கேட்டிருக்கிய. கேட்டுட்டு ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கல.”

“நீ ஒளிச்சு வச்சுப் பழகினது உண்மைதான? உம் பொண்டாட்டி எங்கிட்ட பொய் சொன்னது உண்மைதான?”

“உண்மைதான். யாருக்காகப் பழகினேன்? போன வருசம் சென்னையிலேருந்து திரும்பும்போது மதுரை வரைக்கும் நீங்க வாயத் தொறக்கல. ஆரஞ்ச உரிச்சுக் கொடுத்தேன், கையில வச்சுக்கிட்டே வந்திய. இந்த ஊர்ல தவள ஆட ஒருத்தன் கெடையாது. யார்கூட மோதிப் பழகிட்டு அந்தப் பிள்ளைய நீங்க அடிப்பிய? அரகொறையா காட்டினா சிரிப்பிய. நல்லா வந்த பெறவு காட்டலாம்னு இருந்தேன்.”

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போயிற்று. எனக்கு வேறு விதமாகக் கோபம் வந்தது.

“சரிலே. பெறகு ஃபைனல்ல ஏன் எடுக்கல? அடிக்கிற ஆள் கையில இருந்தும் எடுக்கலன்னா, நான் ஜெயிச்சது நீ போட்ட பிச்சைதான?”

“பிச்சையா!” இப்போதுதான் எழுந்தான். “நானும் ஜெயிக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி. அவள வச்சு ஜெயிக்க வந்தேன். மொத ஆட்டம் ஜெயிச்சேன்லா? மூணாவதும் எனக்குத்தான் வந்திருக்கும். அவ சுத்துத நேரத்துல மின்னல விட்டிய.”

“சட்டத்துல இருக்கு.”

“இருக்கு. இல்லன்னு யாரு சொன்னா?”

ஸ்கூட்டர் சீட் ஓரத்தில் கிழிந்திருந்தது. நாலு மாதமாகக் கிழிந்தே இருக்கிறது. கழற்றி அவன் முன்னால் வைத்தேன்.

“இதத் தச்சு வை.”

“என்ன ரெக்சின்?”

“நீ ஏதாவது போடு.”

“கலரு?”

“நீயே பாத்துப் போடு.”

ஹாரூன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ரெக்சினை நானே வாங்கிக்கொண்டுபோய், அளந்து கொடுத்து, மிச்சத் துண்டைத் திருப்பி வாங்குகிறவன் நான். சீட் இல்லாத ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் ஒரே நெரிசல்.

செப்டம்பர் 3, புதன்

அவன் சொன்னதை எல்லாக் கோணத்திலும் போட்டுப் பார்த்தேன். எனக்காகத் தோல் உரியப் பழகினான் என்பதை எப்படி நம்புவது? எந்தச் சரக்கை யார் சும்மா தருகிறார்கள்? பாக்கியத்தாயிடம் சொன்னேன். “ஆஸ்பத்திரில சும்மாதான கெடந்தான்?” என்றாள்.

பிளாஸ்டிக் விலை ஏறப்போகிறதாம். முறம் கூடுதலாக வாங்கிப் போடவேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

சட்டியைத் தனியாகப் பழகினேன். எதிரே மிஷின்தான். மிஷினுக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்பதும் இல்லை. சீக்கிரமே இறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஸ்கூட்டரில் ஹாரூன் வந்தான். சீட் தைத்து மாட்டியிருந்தான். நீல ரெக்சின். அழுக்குத் தெரிகிற கலர். தையல் நெருக்கமாக, நேராக இருந்தது. எவ்வளவு என்றேன். சொன்னான். கொடுத்தேன். பேரம் பேச மறந்துவிட்டது.

“மேல மிஷின் சும்மாத்தான கெடக்கு?” என்றான்.

“கெடக்கு.”

மாடிக்குப் போனோம். தவளையை எடுத்தான். கம்பத்தை எடுத்தேன், நொடியில் நசுக்கினான். சட்டியை எடுத்தேன், அப்படியும் நசுக்கினான். சட்டிக்குப் பக்கவாட்டில் வந்து விழுகிற ஒரு தாவல் இருக்கிறதாம். நான் எலி தேடிய நாட்களில் அவன் இதைக் கண்டுபிடித்திருக்கிறான்.

“சென்னைப் பிள்ளைக்கும் இது தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி. தாவும்போது கால மடக்குதா பாருங்க. மடக்கலன்னா பக்கவாட்டுல வருது. அப்ப பின்னால போயிருங்க.”

“முன்னாலயே சொல்லப்படாதா?”

“கேட்டியளா?”

மதியம் முழுக்க அடித்தான். உண்மையிலேயே எனக்காக அடிக்கிறானா, ஃபைனலுக்கு வஞ்சம் தீர்க்க அடிக்கிறானா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம். பாக்கியத்தாய் காப்பி கொண்டுவந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் நெருங்கும்போது ஒருவழியாகக் கால் மடங்குவதைப் பார்த்து ஒரு ஆட்டம் ஜெயித்தேன். “ம்,” என்றான். அவ்வளவுதான்.

கிளம்புகிற நேரத்தில், “கடைசியா ஒண்ணு,” என்று குடைக்காரியை எடுத்தான். நான் கம்பம். நேரம் முடியப்போகிற கட்டத்தில் அவள் குடையை விரித்தாள். சுற்றினாள். பாவாடை விசிறியது. முழு வட்டம். இத்தனை வருஷத்தில் அதைக் கடைசி வரை பார்த்ததில்லை. சுற்றி முடித்துக் குடைமுனையால் என்னைக் குத்தினாள். தோற்றேன்.

ஹாரூன் திரும்பினான். “என்ன அண்ணாச்சி, மின்னல் வரல?”

“பொத்தான் ஒட்டுதுல. மாத்தணும்.”

“ஓ,” என்றான். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 8, திங்கள்

மெக்கானிக் வந்து மிஷினைத் திறந்து பார்த்தான். பொத்தானில் ஒரு கோளாறும் இல்லை என்கிறான். இருந்தாலும் மாற்றச் சொல்லிவிட்டேன்.